அக்காவின் மஞ்சப்பையில் தூங்கும் ஆர்டர்

மஞ்சள் நட்டு முதல் தண்ணி கட்டிட்டு இருந்தேன். கிழக்காலத் தோட்டத்து அக்கா வரப்புல வந்து நின்னாங்க. கையில அதே மஞ்சப்பை. "ஏந்தம்பி, எனக்கு ஆர்டர் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. அவன் இன்னும் என்ற கூடப் பேசறதில்லை. வழியில முள்ளு வெட்டிப் போட்டிருக்கான். நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்?"

அக்கா ஒரு தப்பும் பண்ணலை. சட்டம் சொன்னதை அப்படியே செஞ்சாங்க. இலவச சட்ட உதவி கேட்டாங்க, கிடைச்சுது, ஜெயிச்சாங்க. ஜெயிச்ச கேசால பக்கத்துத் தோட்டக்காரர் காகிதத்துல நிலமே இல்லாத ஆளா ஆயிட்டார். இந்தக் கூத்தைப் பத்தித்தான் இன்னிக்கு எழுதப் போறேன். ஆடு, மாடு, மழைன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கணும். அடுத்த பதிவுல எருமை வரும்.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு முதல்ல யு.டி.ஆர்.னா என்னன்னு சொல்லணும். 1979-ல இருந்து 1987 வரைக்கும் தமிழ்நாடு முழுக்கப் பழைய நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்சாங்க. ஏக்கர் செண்டு கணக்கு ஹெக்டேர் ஏர்ஸ் ஆச்சு, உட்பிரிவுகளுக்குப் புது எண் வந்துச்சு, யார் பேர்ல எதுன்னு புதுசா எழுதினாங்க. ஊர் ஊரா, கையால எழுதின வேலை. தப்பு வராம இருந்திருந்தா தான் ஆச்சரியம். கிராமத்துல "யு.டி.ஆர்.ல போச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, வேற விளக்கமே தேவையில்லை. நிலம் கையில இருக்கு, பேர் காகிதத்துல இல்லைன்னு அர்த்தம்.

எங்க புல எண்ணுல ஆறு உட்பிரிவு. முதல்ல அக்காவோட வீட்டுக்காரர் பேர் வரணும். எழுதின மகராசன் அந்த ஒரு வரியை விட்டுட்டார். இரண்டாவது ஆள் பேர் முதல் இடத்துக்கு ஏறிடுச்சு, மூணாவது ஆள் இரண்டாவதுக்கு. இப்படியே எல்லாரும் ஒரு படி மேல. கடைசி இடம் காலியாச்சே, அதுல கடைசி ஆள் பேரையே இன்னொரு தடவை எழுதி முடிச்சிட்டார். ஆகக்கூடி அக்கா வீட்டுக்கு ஒண்ணுமில்லை. கடைசி வீட்டுக்கு ரெண்டு. நடுவுல நாலு பேருக்கு அடுத்தவன் நிலம்.

அந்த நடுவுல இருக்கிற நாலு பேர்ல ஒருத்தன் நான். நாலாவது ஆள். நான் உழுகறது 85 செண்டு. என் சிட்டாவுல இருக்கறது எனக்கு மேக்கால இருக்கிறவரோட ஒரு ஏக்கர் பத்து செண்டு. அதை வெச்சுத்தான் கூட்டுறவு சங்கத்துல வருசா வருசம் பயிர்க்கடன் வாங்கறேன். தெரிஞ்சேதான் வாங்கினேன். இதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாராச்சும் கமெண்ட்டுல வந்து கேக்கறதுக்கு முன்னாடி.

அக்காவுக்கு வீட்டுக்காரர் போனப்புறம்தான் பிரச்சினை வெளிய வந்துச்சு. சொட்டுநீருக்கு மானியம் கேட்டுப் போனாங்க. சிறு குறு விவசாயி சான்று வேணும்னாங்க. அதுக்குப் பட்டா வேணும். பட்டாவுல பங்காளி பேர். பி.எம். கிசான் வருசத்துக்கு ஆறாயிரம், ஊர்ல எல்லாருக்கும் வந்துச்சு, அக்காவுக்கு வரலை. வீட்டுக்காரரோட கிரயப் பத்திரம் பீரோவுல பத்திரமா இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல பேர் இல்லை.

அப்பதான் பக்கத்து டவுன்ல ஒரு கல்யாண மண்டபத்துல சட்ட விழிப்புணர்வு முகாம் போட்டாங்க. நானும் துணைக்குப் போனேன். பேனர், குத்துவிளக்கு, நீதிபதி ஐயா பேச்சு. நல்லாத்தான் பேசினார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, யார் வேணும்னாலும் இலவசமா வக்கீல் கேக்கலாம், தாழ்த்தப்பட்டவங்க, பழங்குடியினர், மாற்றுத்திறனாளி, காவல்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் உண்டுன்னு விளக்கினார். அது சட்டத்துல இருக்கறதுதான், 1987-ம் வருச சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவு. அக்காவுக்கு ஒரு வக்கீல் போட்டாங்க. சின்னப் பையன், தங்கமான பையன். ஒரு பைசா வாங்கலை. பழைய 'அ' பதிவேட்டு நகல் வாங்கி, பத்திரத்தோட ஒத்துப் பாத்து, வரிசை நழுவினதைக் கண்டுபிடிச்சதே அவன்தான். தாசில்தார் ஆபீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ், டி.ஆர்.ஓ. ஆபீஸ்னு நாலு வருசம் அலைஞ்சான். கடைசியில ஆர்டர் வந்துச்சு. "பதிவேட்டில் பெயர்கள் வரிசை மாறிப் பதியப்பட்டுள்ளது தெரியவருகிறது"ன்னு அந்த ஆர்டர்லயே எழுதியிருக்கு. முதல் உட்பிரிவுல அக்கா பேரைச் சேர்க்க உத்தரவு. அதோட முடிஞ்சுது.

வரிசை மாறியிருக்குன்னு கவர்மெண்டே எழுத்துல ஒத்துக்கிட்டா, மாறினது ஒரு வரி மட்டுமா இருக்க முடியும்? மொதல் செங்கல்லை நேராக்கினா மத்த செங்கல் என்ன ஆகும்? அக்கா பேர் ஏறுச்சு, அங்க இருந்த இரண்டாவது ஆள் பேர் அழிஞ்சுது. அவர் பேர் அவரோட சொந்த இடத்துக்கு இறங்கலை. ஏன்னா அவர் மனு போடலையே. அவருக்கு இப்ப எந்த இடத்துலயும் பேர் இல்லை. அவர் மனு போடணும்னா மூணாவது ஆள் மேல போடணும். மூணாவது ஆள் என் மேல. நான் அஞ்சாவது ஆள் மேல. அவர் ஆறாவது ஆள் மேல. ஒருத்தருக்கு நாலு வருசம்னா கூட்டிக்குங்க. எனக்கு இப்ப 54 வயசு.

இந்த அஞ்சு பேருக்கும் இலவசமா வக்கீல் கொடுக்கச் சட்ட உதவி மையம் தயாரா இருக்கலாம். தகுதி இருந்தா கொடுப்பாங்க, நான் இல்லைங்கலை. அதைத்தான் நான் கேக்கறேன்: அஞ்சு பேருக்கு அஞ்சு வக்கீல் கொடுக்கறது உதவியா, இல்ல அந்தப் பதிவேட்டுப் பக்கம் முழுசையும் பழைய பதிவேட்டோட ஒத்துப் பாத்துத் தானாவே திருத்துங்கன்னு வருவாய்த்துறைகிட்ட ஒரு விதி வாங்கறது உதவியா? ஒரு உட்பிரிவுல வரிசை நழுவினது நிரூபணம் ஆச்சுன்னா, அந்தப் புல எண் முழுக்கத் தாசில்தாரே எல்லாரையும் கூப்பிட்டு விசாரிச்சு ஒரே உத்தரவுல முடிக்கணும். ஒரு பக்கத்துல எழுதக்கூடிய சுற்றறிக்கை. அதைக் கேட்டு வாங்க ஒரு ஆள் இல்லை. கேஸ் நடத்த ஆள் இருக்கு. விதியை மாத்தச் சொல்ல ஆள் இல்லை.

எங்க தாலுகாவுலயே இந்த மாதிரி எத்தனை இருக்கும்னு அந்த வக்கீல் தம்பிகிட்ட கேட்டேன். "அண்ணா, முகாம்ல வர்ற மனுவுல யு.டி.ஆர். இல்லாத நாளே இல்லீங்க"ன்னான். பக்கத்துத் தாலுகாவுல எப்படின்னு கேட்டேன். தெரியலைன்னான். பக்கத்து மாவட்டம்? அதுவும் தெரியாது. அக்காவுக்கு அவன் வாங்கின ஆர்டர் பக்கத்துத் தாலுகா வக்கீலுக்குத் தெரியுமா? "எப்படிங்கண்ணா தெரியும்?" அப்படியே விட்டான். அந்த ஆர்டர் எங்க இருக்குன்னா அக்காவோட மஞ்சப்பைக்குள்ள, ரேஷன் கார்டுக்கும் மாத்திரைச் சீட்டுக்கும் நடுவுல மடிச்சு. இன்னொரு தாலுகாவுல இன்னொரு சின்ன வக்கீல், இன்னொரு அக்காவுக்காக, முதல்ல இருந்து அதையே கண்டுபிடிச்சிட்டு இருப்பான்.

இதுக்குத்தான் இங்க ஒருங்கிணைப்பே கிடையாதுங்கறேன். சட்டத்துல இல்லாம இல்லை. நானே உக்காந்து படிச்சேன், தமிழாக்கம் கிடைக்காம இங்கிலீசுல அகராதி வெச்சுக்கிட்டு. 7-வது பிரிவுல மாநில ஆணைக்குழு என்னென்ன செய்யணும்னு இருக்கு. வக்கீல் கொடுக்கறது ஒண்ணு, லோக் அதாலத் நடத்தறது ஒண்ணு, மூணாவதா பிரச்சினை வராம தடுக்கிற, திட்டமிட்டு அணுகற சட்ட உதவி வேலை. 8-வது பிரிவுல அரசுத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள்னு ஏழைகளுக்கான சட்ட உதவியில இருக்கிற எல்லாரோடயும் ஒருங்கிணைஞ்சு செயல்படணும்னு எழுதியிருக்கு. தாலுகா அளவுல இருக்கிற வட்டக் குழுவோட வேலையில முதல் வேலையே வட்டத்துல நடக்கற சட்ட உதவி வேலைகளை ஒருங்கிணைக்கறதுதான். அதுக்கடுத்துதான் லோக் அதாலத். நடைமுறையில பின்னாடி சொன்னது முன்னாடி வந்து, முன்னாடி சொன்னது காணாமயே போயிடுச்சு.

ஏன்னு கேட்டா, எண்ணிக்கை. ஒரே நாள்ல இத்தனை ஆயிரம் வழக்கு தீர்ந்துச்சுன்னு பேப்பர்ல வருது பாருங்க, அந்த எண்ணிக்கை. அதுல விபத்து நஷ்டஈடு, செக் பவுன்ஸ், பேங்க் கடன் எல்லாம் மொத்தமா வரும். அதெல்லாம் வேணாம்னு நான் சொல்லலை. பத்து வருசம் இழுத்த விபத்துக் கேஸ் ஒரு மத்தியானத்துல முடிஞ்சா அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய விசயம். ஆனா ஒரு விதி மாறினதால வராமயே போன கேஸை எந்தக் கட்டத்துல எழுதுவாங்க? அதுக்குக் கட்டம் கிடையாது. பால் சொசைட்டியில லிட்டர் கணக்குக்கு மட்டும் காசுன்னா எல்லாரும் தண்ணி தான் ஊத்துவாங்க. கொழுப்பும் பாக்கணும்ல?

இந்த இடத்துல கடல் தாண்டி ஒரு கதை சொல்லணும். தங்கச்சி பையன் சான் ஹோசேல இருக்கான். போன வருசம் சலினாஸ் பக்கம் போனப்ப வீடியோ கால்ல லெட்டூஸ் காட்டைக் காட்டினான். கண்ணுக்கு எட்டின தூரம் பச்சை. ஆளுங்க நின்னுக்கிட்டே நீளக் காம்பு கொத்துல களை எடுத்துட்டு இருந்தாங்க. "மாமா, இவங்க நின்னு வேலை செய்யறது ஒரு கேஸ் ஜெயிச்சதால"ன்னு சொன்னான். நான் நம்பலை. அப்புறம் தேடிப் படிச்சேன்.

அந்த ஊர்ல ஒரு காலத்துல பண்ணைக் கூலியாளுங்களுக்குக் குட்டைக் காம்பு கொத்துதான் கொடுப்பாங்க. காம்பு ஒரு அடி, மிஞ்சினா ரெண்டு அடி. இடுப்பை ஒடிச்சுக் குனிஞ்சாத்தான் மண்ணைத் தொடும். காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் குனிஞ்சே இருக்கணும். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஆளுங்க. முதுகு போயிடும். மேஸ்திரிக்கு அதுல ஒரு வசதி, எவன் நிமிர்ந்து நின்னாலும் அவன் வேலை செய்யலைன்னு தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும். நம்ம ஊர்ல களைக்கொத்துல உக்காந்து எடுக்கற பொம்பளைங்க முதுகைப் பத்தி யாரும் மனு போட்டதில்லை. நானும் நீளக் காம்பு வீடர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், அது அட்டாலியில இருக்கு. அந்த வெக்கத்தை இன்னொரு நாள் பேசலாம்.

1966-ல கலிபோர்னியா கிராமப்புற சட்ட உதவி அமைப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல மாரிஸ் ஜோர்டேன்னு ஒரு வக்கீல். கூலியாளுங்க அவர்கிட்ட இந்தக் கொத்தைப் பத்திச் சொன்னாங்க. நம்ம முறையா இருந்தா என்ன நடந்திருக்கும்? முதுகு போன ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நஷ்டஈடு மனு. அவங்க அப்படிச் செய்யலை. தொழில் பாதுகாப்பைப் பாக்கற அரசுத் துறைகிட்டப் போய், இந்தக் கொத்தையே தடை பண்ணி விதி போடுங்கன்னு 1970-கள் தொடக்கத்துல மனு கொடுத்தாங்க. டாக்டர்களைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வெச்சாங்க. பாதுகாப்பில்லாத கருவியைத் தடை செய்யலாம்னு விதி ஏற்கெனவே இருந்துச்சு. துறை என்ன சொல்லுச்சு தெரியுமா? உடைஞ்ச கருவி, பழுதான கருவிக்குத்தான் அது பொருந்தும், இந்தக் கொத்து நல்லாத்தானே இருக்குன்னு மறுத்துடுச்சு. கொத்து நல்லாத்தான் இருந்துச்சு, முதுகுதான் உடைஞ்சுது. அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1975 ஜனவரியில தீர்ப்பு: கருவி பழுதில்லாம இருந்தாலும், அதைப் பயன்படுத்தற விதத்தால உடம்புக்குக் கேடு வந்தா அதுவும் பாதுகாப்பில்லாத கருவிதான், துறை மறுபடியும் யோசிக்கணும். அந்த வருசமே கொத்துக்குத் தடை வந்துச்சு.

ஒரு விதி. அதுக்கப்புறம் அந்த மாநிலம் முழுக்க எந்தக் கூலியாளும் இந்தக் கொத்துக்காகக் கோர்ட் வாசப்படி ஏற வேண்டியதில்லை.

இதுல கசப்பும் உண்டு, அதையும் சொல்லிடணும். இப்படி வேலை செய்யற சட்ட உதவியை அதிகாரத்துல இருக்கிறவங்களுக்குப் பிடிக்காது. 1970 கடைசியில அப்போ அங்க கவர்னரா இருந்த ரீகன் அந்த அமைப்புக்கு வர வேண்டிய பணத்தையே தடுத்தார். வேற மாநில நீதிபதிகள் மூணு பேரைப் போட்டு விசாரிச்சாங்க, குற்றச்சாட்டுல ஒண்ணுமில்லைன்னு ஆச்சு. 1974-ல நாடு முழுக்கச் சட்ட உதவிக்குன்னு ஒரு கழகம் சட்டம் போட்டு அமைச்சாங்க. ஆனா 1996-ல அவங்க காங்கிரஸ் கையைக் கட்டிடுச்சு. அந்தக் கழகத்துப் பணம் வாங்கற எந்த அமைப்பும் பல பேருக்காகச் சேர்ந்து ஒரே வழக்குப் போடக் கூடாது. சட்டமன்ற உறுப்பினர்கிட்டப் போய்ச் சட்டத்தை மாத்துன்னு கேக்கக் கூடாது. விதி வகுக்கற இடத்துலயும் சின்ன விலக்கு தவிர மூக்கை நுழைக்கக் கூடாது. உள்ளூர் அமைப்புகளுக்கு ஆராய்ச்சி செஞ்சு கொடுத்து ஒருங்கிணைச்சிட்டு இருந்த ஆதரவு மையங்களுக்குப் பணத்தையே நிறுத்திட்டாங்க. எதை முதல்ல வெட்டினாங்கன்னு பாத்தாலே எது வலிக்குதுன்னு தெரியும்.

அப்பவும் அவங்க சும்மா இருக்கலை. லாஸ் ஏஞ்சலஸ்ல 1967-ல இருந்து வறுமைச் சட்டத்துக்குன்னே ஒரு மையம் இருக்கு, வெஸ்டர்ன் சென்டர்னு பேர். அது மாதிரி அமைப்புகள் அந்தக் கழகத்துப் பணம் இல்லாம, மாநிலத் தலைநகர்ல உக்காந்து எந்த மசோதா வருது, எந்த விதி மாறுதுன்னு பாத்துட்டு இருக்கும். ஊர்கள்ல கேஸ் நடத்தற வக்கீலுங்க என்ன மாதிரி மனு குவியுதுன்னு சொல்லுவாங்க. ஊர்ல இருந்து ஆதாரம் மேல போகும், தலைநகர்ல இருந்து செய்தி கீழ வரும். எதைக் கேக்கறோம், எதை விடறோம்னு பேசி வெச்சுக்குவாங்க, ஒருத்தர் கேக்கறதை இன்னொருத்தர் கெடுக்காம.

அங்க சட்டம் போட்டுக் கையைக் கட்டினாங்க. இங்க அப்படி ஒரு தடையை நான் படிச்ச வரைக்கும் காணோம். நாமளேதான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறோம்.

இதைச் சொன்னா வக்கீல் நண்பர் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். "உங்களுக்குத் தெரியாதுங்க. இங்க ஆணைக்குழுவுக்குத் தலைவரே நீதிபதி. மாவட்ட நீதிபதி போய் ரெவின்யூகிட்ட விதியை மாத்துன்னு நிக்க முடியுமா? நாளைக்கு அதே கேஸ் அவர்கிட்ட வந்தா?" நியாயமான கேள்வி. இந்த விசயத்துல நான் கேட்ட ஒரே நியாயமான கேள்வியும் அதுதான். நீதிபதி போக வேண்டாம். ஆனா இங்க இதுவரைக்கும் அப்படி எதுவுமே நடக்கலைங்கற மாதிரிப் பேசக் கூடாது. 2014 ஏப்ரல்ல திருநங்கைகளை மூன்றாம் பாலினமா அங்கீகரிச்சு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுச்சே, அந்த வழக்கைப் போட்டது யாரு? தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவேதான். தனித்தனியா ஆயிரம் பேருக்கு அடையாள அட்டை வாங்கிக் கொடுக்க ஆயிரம் மனு போடலை. சட்டத்துல உங்க இடம் என்னன்னு ஒரே கேள்வியாக் கேட்டாங்க. தேசத்தோட பெரிய நீதிபதிகள் தலைமையில இருக்கிற அமைப்பே அரசாங்கத்தை எதிர்த்தரப்பா நிறுத்திக் கேக்கலாம்னா, தாலுகாவுல வந்த மனுக்களைத் தொகுத்து, "இந்தத் தப்பு இத்தனை ஊர்ல இருக்கு, இந்த விதியால வருது"ன்னு ஒரு அறிக்கை அனுப்பறதுல என்ன கற்பு கெட்டுப் போகும்?

தனி வழக்குக்கும் சட்டத் திருத்தத்துக்கும் என்ன வித்தியாசம்னு எங்க வீட்டுலயே உதாரணம் இருக்கு. 1989-ல தமிழ்நாடு சட்டமன்றம் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்துல பையனுக்குச் சமமா பங்குன்னு திருத்தம் கொண்டு வந்துச்சு, மார்ச் 25-ந் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களைத் தவிர. நாடு முழுக்க அது வர 2005 ஆச்சு. என் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனது அந்தத் தேதிக்குப் பின்னாடி. அப்படின்னா பங்கு உண்டு. எங்கப்பா விடுதலைப் பத்திரம் எழுதி அவகிட்டக் கையெழுத்து வாங்கினார். நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். ஆனா ஒண்ணு, கையெழுத்துக் கேக்க வேண்டிய நிலைமை அந்தத் திருத்தத்தாலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கேக்கவே வேண்டியதில்லை. இன்னிக்கு எங்க ஊர்ல சில பொண்ணுங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. சட்ட உதவி வக்கீல் ஒவ்வொரு வீடாப் போய் வாதாடியிருந்தா இது நடந்திருக்குமா?

இப்ப உங்ககிட்ட வர்றேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறதுல வக்கீல்கள் இருக்கீங்க, சட்டக் கல்லூரி வாத்தியார் ரெண்டு பேர் எனக்கு மெயில் போட்டிருக்கீங்க. "15100-க்கு போன் பண்ணினா இலவச சட்ட உதவி"ன்னு வாட்ஸ்அப்புல அனுப்பறீங்க. நல்ல விசயம். ஆனா அதோட உங்க வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. எங்க ஊர்ல மனு எழுதறதுக்கு ஆள் இருக்கு, அலையறதுக்கு அக்கா இருக்காங்க. இல்லாதது சென்னையில. கோட்டையில எந்தத் துறை எந்த அரசாணையைத் திருத்துது, எந்த விதிக்கு வரைவு வந்திருக்கு, யார்கிட்டக் கருத்துச் சொல்லணும்னு பாத்துட்டு இருக்க ஒரு சின்ன அறை, நாலு பேர். மாவட்டத்துல இருந்து வர்ற ஆர்டர்களை வாங்கி, பேரை மறைச்சு, தப்பு வாரியாப் பிரிச்சு வெக்க ஒரு சட்டக் கல்லூரி. அதை வெச்சுக்கிட்டு வருவாய்த்துறை செயலாளரைப் பாத்துப் பேச ஒரு குழு. சட்டமன்றத்துல கேள்வி கேக்க ஒரு எம்.எல்.ஏ.வுக்கு எழுதிக் கொடுக்க ஒரு ஆள். மசோதா வரப்போ மட்டும் அறிக்கை விட்டா எடுபடாது, அதுக்கு முன்னாடி வருசக்கணக்கா ஆதாரம் சேத்திருக்கணும். இதை நாங்க களை எடுத்துக்கிட்டே செய்ய முடியாது.

தனி ஆளுக்கு உதவற வேலையைக் குறை சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. அந்த வக்கீல் தம்பி நாலு வருசம் அலையலைன்னா வரிசை நழுவின கதையே வெளிய வந்திருக்காது. கேஸ்ல இருந்துதான் விதியோட ஓட்டை தெரியும். தெரிஞ்சதை என்ன பண்றோம்னுதான் கேக்கறேன்.

போன மாசம் ஜமாபந்தி. ஆறாவது வீட்டுக்காரரைத் தவிர மத்த நாலு பேரும் ஒண்ணாப் போறதுன்னு முடிவு பண்ணினோம். ஆறாவது வீட்டுல பையன் திருப்பூர்ல இருக்கான், ரெண்டு உட்பிரிவுல ஒண்ணுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டான்னு கேள்வி. இரண்டாவது ஆள், அதான் அக்காகூடப் பேசாதவர், முதல்ல வர மாட்டேன்னார். நான் போய் உக்காந்து ஆறு பேரையும் ஒரு அட்டையில எழுதிக் காட்டினேன். அரை மணி நேரம் பாத்துட்டு இருந்துட்டு, "அப்ப அந்த அக்கா என் நிலத்தை எடுக்கலையா?"ன்னு கேட்டார். இல்லீங்கன்னேன். முள்ளை அடுத்த நாள் எடுத்துட்டார். பேச்சு இன்னும் வரலை.

ஜமாபந்தியில கொடுக்கறதுக்கு முன்னாடி வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கும் ஒரு நகல் கொடுக்கலாம்னு போனோம். ஒரே மனு, நாலு கையெழுத்து, அக்காவோட ஆர்டர் நகல் இணைப்பு, கீழே ஒரு கோரிக்கை: எங்க புல எண் முழுசையும் ஒண்ணாத் திருத்தணும், இது மாதிரி வரிசை நழுவின எல்லா இடத்துக்கும் இதே முறையைக் கொண்டு வரச் சொல்லி மேலிடத்துக்கு நீங்க எழுதணும். அங்க சட்டத் தன்னார்வலரா ஒரு பொண்ணு, மரியாதையான பொண்ணு. மனுவை ரெண்டு தடவை படிச்சுது. பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துது.

"அண்ணா, இதுல மனுதாரர் பேர்னு ஒரு கட்டம்தான் இருக்குங்க. எதிர்மனுதாரர்னு ஒரு கட்டம். இந்த ரெண்டாவது கோரிக்கையை எதுல ஏத்தறதுன்னு எனக்குத் தெரியலைங்கண்ணா."

கடைசியில நாலு மனுவாப் பிரிச்சு எழுதிக் கொடுத்தோம். என் மனுவுல எதிர்மனுதாரர் கட்டத்துல, கூட வந்து பக்கத்துல நின்னுட்டு இருந்த அஞ்சாவது வீட்டு அண்ணன் பேரை எழுதினேன். அவரே எழுத்துப் பிழை இல்லாம சொல்லிக் கொடுத்தார்.